கிழவியாகாத அவ்வை

பள்ளி ஆண்டு விழாக்களில் மாறுவேடப் போட்டி இருக்கும்வரை தமிழ்நாட்டில் அவ்வையாருக்கு அழிவில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தையின் தலையில் பஞ்சை ஒட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, முதுகைக் கொஞ்சம் வளைத்து நிற்கச் சொன்னால் வேடம் முடிந்தது; “அறம் செய விரும்பு” என்று மழலையில் சொல்லிவிட்டால் பரிசும் உறுதி. சென்னை மெரினாவில் 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளிலும் அவ்வை கோலூன்றிய மூதாட்டிதான். அதே கடற்கரையில் கண்ணகி இளமையோடு சிலம்பேந்தி நிற்கிறாள். கொலையுண்ட கணவனுக்காக நியாயம் கேட்பவள் என்றால் இளம்பெண் பொதுவெளியில் நிற்கலாம், தன் பாட்டுக்காகவும் தன் வயிற்றுக்காகவும் ஊர் ஊராக நடந்தவள் என்றால் முதலில் கிழவியாகிவிட வேண்டும் என்று அந்த இரண்டு சிலைகளும் சேர்ந்து சொல்வதாகவே எனக்குத் தோன்றும். செதுக்கிய சிற்பிகள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். நினைக்காமலே நம் கையில் வந்துவிடுகிற செய்திகளைத்தான் நாடகத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

அவ்வை கிழவியான கதை எல்லோருக்கும் தெரியும். திருமணம் பேசி முடிக்கிறார்கள், அவளுக்கு விருப்பமில்லை, பிள்ளையாரிடம் அழுது வேண்டுகிறாள், இளமை நீங்கி முதுமை வருகிறது, மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகிறார்கள். பக்திக் கதையாகச் சொல்லப்படும் இதில் ஒரு சமூக ஒப்பந்தம் ஒளிந்திருக்கிறது. உடலைக் கொடுத்தால் வழியைத் தருவோம் என்கிறது ஊர். அவள் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்குகிறாள். தருமபுரிப் பக்கத்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டு, மாணவர்களையும் உள்ளூர்க் கலைஞர்களையும் சேர்த்துச் சிறு நாடகக் குழு ஒன்றை நடத்திவரும் நான், இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவ்வை நெல்லிக்கனி பெற்ற மண் என்று எங்கள் மேடைகளில் சொல்லாத ஆள் இல்லை. அந்த மண்ணில் நடந்த அவ்வைக்கு அப்போது என்ன வயது என்று கேட்டவர்கள்தாம் குறைவு.

சங்கப் பாடல்களைத் திறந்தால் அங்கே வேறொரு பெண் நிற்கிறாள். புறநானூற்று 89-ஆம் பாடலில் எதிரி வேந்தன் அவளை எப்படி விளித்தான் என்பதை அவளே சொல்கிறாள்: மணி அணிந்த இடையும் மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியே (ஆடியும் பாடியும் வாழும் பாணர் கூட்டத்துப் பெண்ணே), உங்கள் நாட்டில் போரிடுபவர்களும் இருக்கிறார்களா என்பது அவன் கேள்வி. அடிக்க ஓங்கிய கோலுக்கு அஞ்சாத பாம்பைப் போன்ற இளைஞர்கள் இருக்கிறார்கள், அதுமட்டுமா, பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமை என்னும் தோற்கருவியின் மேல் காற்று மோதி ஒலித்தாலும் போர் வந்துவிட்டது என்று எழுந்துவிடும் என் தலைவனும் இருக்கிறான் என்று பதில் சொல்லி அவன் வாயை அடைக்கிறாள். 95-ஆம் பாடலில் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போயிருக்கிறாள். மயிற்பீலி சூட்டி நெய் பூசி அடுக்கி வைத்த அவன் படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, எங்களுடையவை பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். ஒரு வரியில் போரைத் தவிர்க்கவும் தெரியும், இகழவும் தெரியும். இந்தப் பெண்ணுக்குக் கூன் எங்கே விழுந்தது?

அவள் பெயரில் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் இருக்கின்றன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டுகள் பிந்திய வேறொருவர் என்பது தமிழ் வகுப்பில் முதலாண்டிலேயே சொல்லப்படும் செய்தி. அவ்வையார் பலர் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவியிடம் அவ்வையாக நடித்துக் காட்டு என்றால், உடனே முதுகை வளைக்கிறாள். படித்தது ஒன்று, உடம்பில் பதிந்தது வேறொன்று. அந்த இரண்டாவதைத் தொடுவதற்குக் கட்டுரையால் ஆகாது, மேடைதான் வேண்டும் என்று நான் நம்புவதற்குக் காரணமே இந்த முதுகுதான்.

மேடையிலும் திரையிலும் அவ்வைக்கு ஒரு வரலாறு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த டி. கே. சண்முகம், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகத்தில் அவ்வையாராக நடித்து, அந்த வேடத்தின் பெயரையே தம் பெயரின் முன்னால் பெற்றார். சென்னையின் பழைய லாயிட்ஸ் சாலை இன்று அவ்வை சண்முகம் சாலை. பெண் பெயரைத் தாங்கிய சாலை என்று நினைத்துப் போனால் அது ஓர் ஆண் நடிகரின் நினைவாக இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த நடிப்பின் வலிமை அப்படி. ஆனாலும் பாலர் சபைகளில் பெண் வேடங்கள் அத்தனையையும் சிறுவர்களே தாங்கிய மரபில், அவ்வையும் ஓர் ஆணின் முதிர்ந்த கலைத்திறனுக்குரிய வேடமாக நிலைபெற்றாள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

1953-இல் ஜெமினி நிறுவனத்தின் திரைப்படத்தில் அவ்வையாக வந்த கே. பி. சுந்தராம்பாள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர். நாடக மேடையில் அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து பாடியதைக் கேட்க ஊரே திரண்ட காலம் ஒன்று இருந்தது. 1933 இறுதியில் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்துதான். அதன்பின் அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார்; ஆண்களுக்கு இணையாகக் காதல் வேடம் ஏற்க மறுத்தார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்ச ரூபாய் அன்றைக்குப் பெரும் பேச்சானது. பிறகு அவ்வையார், அதற்கும் பின்னால் காரைக்கால் அம்மையார். வேண்டுமென்றே இளமையைக் களைந்த இரண்டு பெண்களின் வேடம், இளமையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண்ணுக்கு வந்து சேர்ந்தது. படத்தில் அவர் பாடும்போது அந்தக் குரலில் தள்ளாமையே இருக்காது. எட்டுக்கட்டை எட்டும் அந்தச் சாரீரம் கோலூன்றிய உடம்புக்குள் அடங்காமல் நிற்கும். சின்ன வயதில் அதைப் பக்தி என்று கேட்டேன். இப்போது கேட்டால், அடக்கிவைக்கப்பட்ட ஒன்று மேலெழுந்து வருகிற ஒலியாகக் கேட்கிறது.

இந்த வரிசையை உடைத்தவர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்து, சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்த அந்தக் கவிஞர் எழுதிய ‘அவ்வை’ நாடகம், மூதாட்டியை விலக்கிவிட்டுப் பாணர் கூட்டத்து இளம் விறலியை நடுமேடைக்குக் கொண்டுவந்தது; 1990களின் இறுதியில் அ. மங்கையின் இயக்கத்தில் அது அரங்கேறியது. பாடுபவள், ஆடுபவள், கள்ளுண்பவள், அரசனோடு தோழமை கொண்டவள், போரின் இழப்பை அறிந்தவள் என்று சங்கப் பாடல்களின் வழியே அவளைத் திரட்டிய அந்தப் பிரதியைப் படித்தபோது, நான் எழுத நினைத்ததெல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று ஒருகணம் சோர்வாகவே இருந்தது. தமிழ்ப் பெருமையைத் தூக்கிப் பிடிப்பதற்கும் தமிழ் மரபைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் காட்டிய நாடகங்களில் அதுவே முதன்மையானது.

ஒரு விஷயத்தில் மட்டும் என் மனம் அதிலிருந்து விலகி நின்றது. எனக்குப் பாட்டியை வெளியேற்ற மனம் வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஐம்பதைக் கடந்த பெண்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். அதுவரை வாசற்படி தாண்டக் காரணம் சொல்ல வேண்டியிருந்தவள், மகள் திருமணமும் முடிந்து, தூரமும் நின்றபின், திடீரென்று யாருக்கும் அஞ்சாதவளாகிவிடுகிறாள்; வெற்றிலையை மென்றுகொண்டு பஞ்சாயத்தில் குரலுயர்த்துகிறாள், ஆண்களைப் பச்சையாகக் கேலி பேசுகிறாள், பழனிக்கும் மேல்மலையனூருக்கும் தனியாகப் போய் வருகிறாள். புராணத்து அவ்வைப் பாட்டியை உண்டாக்கிப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியவர்களில் இப்படிப்பட்ட பெண்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது. விறலியை மீட்பதற்காக அந்தக் கிழவிகளைப் பொய் என்று தள்ளிவிட்டால், கப்பம் கட்டித்தான் வழியில் நடந்தோம் என்கிற அவர்களுடைய கணக்கும் அழிந்துபோகும். ஆகவே, இருவரும் ஒரு வழியில் சந்தித்துக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்பதே என் நாடகமாயிற்று.

சந்திக்கும் இடமாகச் சுமைதாங்கிக் கல்லை வைத்தேன். கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நடப்படும் இரண்டு கால்களும் மேலொரு பலகைக் கல்லும். தலைச்சுமையை யாருடைய உதவியுமின்றி இறக்கி வைக்கலாம். எங்கள் ஊர்ச் சாலைகள் அகலமானபோது பெரும்பாலானவை பெயர்க்கப்பட்டுவிட்டன. தெர்மாகோலில் செய்து சாம்பல் நிறம் அடித்த கல்லின் மேல் விறலி தன் இசைக்கருவி மூட்டையை இறக்கி வைக்கிறாள். எதிரே பாட்டி கோலூன்றி வருகிறாள். “இந்த வயசில் தனியாக நடக்கிறாயே, வழியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?” என்பது பாட்டியின் முதல் கேள்வி. “கேட்டார்கள். உங்கள் நாட்டில் போர் தெரிந்தவர் உண்டா என்று கேட்டார்கள்” என்கிறாள் விறலி. “அதைக் கேட்கவில்லை. வீடு எது, புருஷன் யார் என்று கேட்டிருப்பார்களே?” “அதைக் கேட்க என்னிடம் என்ன இருக்கிறது? என் தலைமயிரை மோந்து பாருங்கள், புலால் நாறும்.”

இந்தக் கடைசி வரி அவ்வையிடமிருந்தே எடுத்தது. அதியமான் இறந்தபின் பாடிய 235-ஆம் புறப்பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, “நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே” என்கிறாள். நறுமணம் வீசும் கை அவனுடையது, புலால் நாறும் தலை அவளுடையது. பாட்டை மேடையேற்றத் தொடங்கும்வரை இதை நட்பின் நெருக்கமாகவே நான் கற்பித்துவந்தேன். நடிப்பவர் அந்தக் கையைத் தலைமேல் வைக்கும் கணத்தில், இரண்டு உடம்புகளுக்கும் இடையே உள்ள உயரமும் சேர்ந்து தெரிந்துவிடுகிறது. அவளுக்கிருந்த விடுதலை, காத்துவைக்கச் சொத்தோ குலப்பெருமையோ இல்லாத பாணர் கூட்டத்தில் பிறந்ததன் மறுபக்கம். அதே புறநானூற்றில் உயர்குடிப் பெண்கள் கைம்மை நோன்பில் நெய்யில்லாத பிழிந்த சோற்றையும் வேளைக் கீரையையும் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஆகவே சங்க காலத்தில் தமிழ்ப்பெண் சுதந்திரமாக இருந்தாள் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எந்தப் பெண், எந்தக் கூட்டத்தில் என்று கேட்க வேண்டும். அவ்வையை எல்லாத் தமிழருக்கும் பொதுவாக்குவதற்கு நாம் அவளிடமிருந்து இரண்டை எடுத்தோம்: ஒன்று வயது, மற்றொன்று கூட்டம். முன்னதைப் பற்றிப் பேசுவோர் இப்போது கொஞ்சம் இருக்கிறார்கள். பின்னதைப் பற்றிப் பேசினால் கூட்டம் நெளிகிறது.

பாட்டி வேடத்துக்கு எங்கள் பகுதியின் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைக் கேட்டேன். பாரதக் கூத்தில் பாஞ்சாலியாகவும் சுபத்திரையாகவும் பெயரெடுத்தவர். சந்தையில் அவரைப் பார்த்தால் வயதான பெண்கள் “பாஞ்சாலி வந்திருக்கு” என்று சொல்லிக்கொள்வார்கள். “இத்தன வருசமா கொமரியா ஆடுனவனக் கெழவியாக்கிப்புட்டீங்களே டீச்சர்” என்று சிரித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார். விறலியாக நடித்தவள் எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவி. ஐம்பது வயது ஆண் விடிய விடியக் குமரியாக ஆடினால் குடும்பத்தோடு பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கும் ஊரில், பத்தொன்பது வயதுப் பெண் குமரியாக ஆடுவதற்கு அவளுடைய தாய்மாமன் வந்து என்னிடம் விளக்கம் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர்; நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்பதே அவருடைய கவலை. அவ்வையாக நடிக்கிறாள் என்று சொன்னேன். “அப்படியா, பரவாயில்ல” என்று உடனே சமாதானமாகிவிட்டார். கிழவி வேடம் என்று நினைத்துக்கொண்டார் போலும். அதைத் திருத்த எனக்கு அவசரமில்லை.

ஒத்திகை ஐந்தரைக்கு முடிந்தாக வேண்டும். மாணவியர் விடுதிக் கதவு ஆறு மணிக்குச் சாத்தப்படும். மாணவர் விடுதிக்கு அப்படியொரு கணக்கில்லை. பெண் தனியாக வழி நடப்பதைப் பற்றிய நாடகத்தின் ஒத்திகையை, நடிக்கும் பெண் வழியில் நடக்க நேரமில்லாததால் பாதியில் நிறுத்துவது எங்களுக்கு நாள்தோறும் நடந்த அங்கதம். இதைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கண்டுகொண்டான். கூத்தில் கட்டியங்காரனுக்குக் காலக்கணக்கு கிடையாது. துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் பேசும் உரிமை மரபாகவே அவனுக்கு உண்டு. வாத்தியாரின் ஆலோசனைப்படி, பாட்டியும் விறலியும் வாதாடும் இடத்தில் அவன் குறுக்கே ஓடிவந்து, “அம்மா விறலி, மணி அஞ்சே முக்கால்! வார்டன் கதவச் சாத்தப் போறாங்க, அதியமான அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கத்துவதாக வைத்தோம். பிற்பாடு நாடகம் நடந்த இடங்களிலெல்லாம் மாணவிகள் எழுந்து நின்று கைதட்டியது அந்த ஒரு வரிக்குத்தான். நான் மெனக்கெட்டு எழுதிய தனிமொழிகளுக்கு அப்படியொன்றும் கிடைக்கவில்லை.

விழிப்புணர்வு நாடகங்களுக்கும் எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்ட பகுதி இது. பக்கத்துச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் விரிந்தது. அக்காலம் முதல் வேனில் வந்திறங்கிப் பாட்டுப் பாடி, கெட்ட மாமியாரைத் திருத்தி, உறுதிமொழி எடுக்கச் சொல்லிவிட்டுப் போகும் குழுக்களை ஊர் நிறையப் பார்த்துவிட்டது. அவற்றால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிவு தெரிந்த நாடகத்தில் பார்வையாளருக்கு வேலையில்லை, தலையாட்டிவிட்டு எழுந்துபோகலாம். அவ்வையைப் போல எல்லோரும் தமதென்று கொண்டாடும் ஒருத்தியை எடுத்துக்கொண்டால், சண்டைக்கு வருகிறார்கள். சண்டைக்கு வருகிறவர் நாடகத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள்.

உடம்பைப் பற்றி வாத்தியாரிடம் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதாமல் இருக்க முடியாது. குறுந்தொகையின் 28-ஆம் பாட்டும் அவ்வை பாடியதே. “முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்” என்று தொடங்கும் அதில், சுழன்று வரும் காற்று தன் நோயைப் பெருக்க, அதை அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்து, முட்டுவேனா, தாக்குவேனா, ஆவென்றும் ஒல்லென்றும் கூவுவேனா என்று ஒருத்தி தவிக்கிறாள். மாணவி முதலில் இதைச் சினிமாவில் பார்த்தபடி செய்தாள்: கண்கள் கலங்கின, முடி கலைந்தது, கைகள் சுவரைக் குத்தின. வாத்தியார் சற்றுநேரம் பார்த்துவிட்டு, “பாப்பா, கோவத்த மூஞ்சியில வச்சா மூணாவது வரிசைக்கு மேல தெரியாது. கால்ல எறக்கு” என்றார். பாட்டின் சொற்களுக்குத் தாளம் கட்டி, ‘முட்டுவேன்கொல்’ என்பதற்கு இடக்கால் குதியை ஊன்றி வலக்காலை மிதிப்பதும், ‘தாக்குவேன்கொல்’ என்பதற்கு அதையே மாற்றி மிதிப்பதும், ‘ஆஅ ஒல்லென’ வரும்போது உடம்பை ஒரே சுற்றில் சுழற்றி நிறுத்துவதுமாகச் சொல்லிக்கொடுத்தார். முகம் ஏறக்குறைய அசையவே கூடாது என்றார். அவள் அதைச் செய்தபோது சிமெண்டுத் தரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதியத் தூக்கம் கெட்டு எழுந்துவந்து சத்தம் போட்டார்; துஞ்சும் ஊர் நேரிலேயே வந்துவிட்டது என்று மாணவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் அந்தப் பெண் நிற்கும் விதமே மாறிப்போனது. தோள்களைக் குறுக்கி, புத்தகப் பையை மார்போடு அணைத்து நடக்கும் பழக்கம் மேடையில் அவளிடம் திரும்ப வரவில்லை. மேடைக்கு வெளியே என்னவென்று நான் கேட்கவில்லை. அது அவளுடைய பாடு.

நாடகத்துக்குப் பெரிய எதிர்ப்பு கள்ளால் வந்தது. ஒரு கோயில் திடலில் நடந்த நிகழ்ச்சியில், விறலி மூங்கிற் குழாயைத் தூக்கிக் குடிக்கும் காட்சி முடிந்ததுமே முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார். தமிழ் மூதாட்டியைக் குடிகாரியாகக் காட்டுவதற்கு உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். பதில் சொல்ல நான் மேடைக்கு நகர்வதற்குள், மாணவி வேடத்தோடே முன்னால் வந்து, “சிறியகள் பெறினே எமக்கீயும் மன்னே” என்று அந்தக் கையறுநிலைப் பாட்டை முழுவதும் பாடினாள். பெரியவர் அடங்கவில்லை; பாட்டில் இருந்தால் பாட்டில் இருக்கட்டும், மேடையில் எதற்கு என்றார். அப்போது பின்னாலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்: “டாஸ்மாக்ல நீங்க நிக்கும்போது யாரும் ஒண்ணும் கேக்கலியே, அந்தப் பொண்ணு பாட்டுக் கட்டிக் குடிச்சா என்ன குறைஞ்சுபோச்சு?” திடலே சிரித்தது. பனையேறும் குடும்பத்து இளைஞர் ஒருவர், கள் இறக்கினால் எங்கள் மேல் வழக்குப் போடுகிறார்கள், அவ்வை பாட்டைக் காட்டினால் ஜாமீன் கிடைக்குமா என்று கேட்டார். கேலிதான், ஆனாலும் கேலிக்குள் வயிற்றுப்பாடு இருந்தது. ஒழுக்கத்தில் தொடங்கிய பேச்சு, யார் எதைக் குடிக்கலாம், யார் எதை விற்கலாம், யாருடைய தொழில் குற்றமாயிற்று என்று போய்க்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து நாங்கள் விட்ட இடத்திலிருந்து நாடகத்தைத் தொடர்ந்தோம். பெரியவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். சம்மதத்தால் அல்ல, மறுபடியும் எழுந்து கேட்பதற்காக.

பெரிய கேள்வி பறையால் வந்தது. காற்று மோதி ஒலிக்கும் தண்ணுமையை மேடையில் காட்ட, சுமைதாங்கிக் கல்லுக்கு மேலே மரக்கிளையில் ஒரு பறையைத் தொங்கவிடலாம் என்று எழுதியிருந்தேன். அதற்காக எங்கள் குழுவுக்கு வந்த பறைக் கலைஞர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, “பாட்டுக்கு நல்லாருக்கும் டீச்சர். காத்துக்கு இது பேசாது. காய்ச்சாம தோல் எறங்கிக் கெடக்கும்” என்றார். வைக்கோலைக் கொளுத்தி, பறையை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, தோல் இறுகியதும் ஓர் அடி அடித்தார்; அந்த ஒலிக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன. காய்ச்சுவதையே காட்சியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். இப்போதெல்லாம் கல்லூரி விழா, மாநாடு, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான வரவேற்பு என்று பறையைக் கூப்பிடுகிறார்கள். தமிழரின் ஆதி இசை என்கிறார்கள். அடித்து முடித்ததும் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஊரில் சாவுக்கு அடிக்க மறுத்த தம் தம்பியோடு பேசுவதை ஊர்க்காரர்கள் இன்னும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகையால் ஓரமாக நின்று அடித்துவிட்டுப் போக வரமாட்டேன், எனக்கும் பேச்சு வேண்டும் என்றார்.

அடையாளம் பற்றிய என் நாடகத்தில் அதுவரை பேச்சில்லாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். என்ன பேச்சு வேண்டும் என்று கேட்டேன். எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஒத்திகைக்கு எழுதாமல் மனப்பாடமாகவே கொண்டுவந்தார். காற்றடித்தாலும் போர் என்று எழும் தலைவன் எனக்கு இருக்கிறான் என்று விறலி பெருமிதமாகச் சொல்லும் இடத்தில், தீயின் பக்கம் குந்தியிருப்பவர் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்: “போருன்னா அடிக்கிறவன் நான். செத்தா அடிக்கிறவனும் நான். ஒன் தலைவன் காதுல விழுந்தது காத்தா, நானான்னு ஒரு தடவ கேட்டுச் சொல்லு.”

இதற்கு விறலி என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதில் குழுவுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. தண்ணுமையும் பறையும் ஒரே கூட்டத்துக் கருவிகள், ஆகவே அவள் அரசனை விட்டு இவர் பக்கம் வந்து உட்கார வேண்டும் என்கிறாள் மாணவி. அரசனின் கள்ளையும் சோற்றையும் உண்டவள் அவ்வளவு எளிதில் எழுந்து வரமாட்டாள் என்பது என் வாதம். பாட்டி பதில் சொல்லட்டும், வயசானவளுக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும் என்கிறார் வாத்தியார். தமக்கு இன்னொரு வசனம் கிடைக்கும் என்பதும் அதில் சேர்ந்திருக்கலாம். பறைக் கலைஞரோ, பதிலே வேண்டாம், நான் அடிக்கிறேன், அவள் ஆடட்டும், அதற்குள் யார் என்ன நினைக்கிறார்களோ நினைத்துக்கொள்ளட்டும் என்கிறார். தை மாதம் அறுவடை முடிந்ததும் சுற்று ஊர்களில் மறுபடி போடுவதாக இருக்கிறோம். நான்கு விதமாகவும் ஆடிப் பார்த்துவிடுவது என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.